மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800: அமெரிக்க விடுதலைப் போர்க் காலத் தடயங்களைத் தேடுவோருக்கான மதிப்பீடு

நியூ ஜெர்சியில் ஓர் உழவர் குடும்பம் எழுத்தில் தந்த அனுமதியோடு, அறுவடை முடிந்த அவர்களது சோள வயலில் மூன்று பருவங்களாக மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 என்னும் மெட்டல் டிடெக்டரைப் பயன்படுத்தி வருகிறேன். கடற்கரையில் மோதிரம் தேடுவோருக்கும் பழைய நாணயம் தேடுவோருக்கும் இக்கருவி எப்படிப் பயன்படும் என்று பலர் எழுதிவிட்டார்கள். 1775 முதல் 1783 வரை நடந்த விடுதலைப் போரிலும் அதன்பின் பிரிட்டனுடன் மீண்டும் நடந்த 1812 போரிலும் படைவீரர்கள் மண்ணில் விட்டுச் சென்ற ஈயக் குண்டுகள், பொத்தான்கள், இடைவார்க் கொக்கிகள் ஆகியவற்றைத் தேடும் ஒருவருக்கு இது எவ்வளவு உதவும் என்பது மட்டுமே இந்த மதிப்பீட்டின் பொருள்.

2018இல் 899 டாலர் விலையில் விற்பனைக்கு வந்த இக்கருவி 1.34 கிலோ எடையுள்ளது. மண்ணின் மேல் வீசித் தேடும் தட்டான காயில் 11 அங்குலம் கொண்டது. 3 மீட்டர் ஆழம் வரை நீரைத் தாங்கும். இதன் முதன்மையான சிறப்பு, பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் மண்ணுக்குள் செலுத்துவது. பொதுவாகக் குறைந்த அதிர்வெண், வெள்ளி போன்று மின்சாரத்தை நன்கு கடத்தும் பெரிய பொருள்களை எளிதில் காட்டும். உயர்ந்த அதிர்வெண், சிறிய பொருள்களையும் மின்சாரத்தைக் குறைவாகக் கடத்தும் பொருள்களையும் நன்றாகக் காட்டும். அக்காலப் படைத் தடயங்களோ இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே பரந்து கிடப்பவை. இரண்டரை கிராம்கூட இல்லாத ஈயச் சிறு குண்டும், உள்ளங்கை அகலப் பித்தளைத் தகடும் ஒரே பத்தடிக்குள் கிடக்கக்கூடும் என்பதால், ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் கருவியோடு அங்கே செல்பவர் எதையாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டியிருக்கும். நான் முன்பு வைத்திருந்த ஒற்றை அதிர்வெண் கருவியால் இரண்டு முறை முழுமையாகத் தேடிய அதே மூலையில், ஈக்வினாக்ஸை எடுத்துச் சென்ற முதல் நாளே நான்கு சிறு குண்டுகள் கிடைத்தன.

மண்ணுக்குள் இருப்பது எவ்வகை உலோகமாக இருக்கலாம் என்று திரையில் காட்டும் இலக்கு எண் −9 முதல் 40 வரை செல்கிறது. இந்த எண்ணைப் புதியவர்கள் அளவுக்கு மீறி நம்புகிறார்கள் என்பது என் கருத்து. என் வயலில் மஸ்கட் துப்பாக்கியின் ஈயக் குண்டுகள் பெரும்பாலும் 19 முதல் 23 வரை காட்டின. 1982க்குப் பிறகு துத்தநாகத்தில் அடிக்கப்பட்ட ஒரு சென்ட் நாணயமும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. பியூட்டர் எனப்படும் வெள்ளீயக் கலவையில் வார்த்த பொத்தான்கள் அதைவிடத் தாழ்வாக, பானக் குவளைகளின் அலுமினிய இழுப்பு வளையங்கள் காட்டும் எண்களுக்கிடையே ஒளிந்துகொள்கின்றன. ஆகவே நாணயம் தேடுபவர் கற்ற பழக்கத்தோடு, நடுத்தர எண்களைக் குப்பை என்று ஒதுக்கிக்கொண்டே நடப்பவர், படைத் தடயங்களில் பெரும்பகுதியைத் தாமே ஒதுக்கிவிடுகிறார். எண்ணைவிட ஒலியைக் கேட்பதே நல்லது. உருண்டையான ஈயக் குண்டு, காயிலை எந்தத் திசையிலிருந்து வீசினாலும் ஒரே சீராக, ஓரங்கள் தெளிவாக ஒலிக்கும். கசங்கிய அலுமினியம் திசை மாறினால் உடைந்து ஒலிக்கும். இந்த வேறுபாட்டைக் காது பிடித்துக்கொள்ள எனக்கு ஒரு பருவம் முழுவதும் ஆனது. கருவியோடு வரும் கம்பியில்லா ஹெட்போன் இதற்குப் போதுமான தரத்தில் இருக்கிறது.

இக்கருவியின் உண்மையான வலிமை இரும்புக்கு நடுவேதான் தெரிகிறது. படைகள் முகாமிட்ட இடங்களிலும் பழைய வீடுகள் இருந்த இடங்களிலும் கொல்லர்கள் கையால் அடித்த இரும்பாணிகள் விதைத்தாற்போல் கிடக்கும். ஓர் ஆணியின் ஒலியை முடித்துக்கொண்டு, பக்கத்திலுள்ள பொத்தானின் ஒலிக்குக் கருவி எவ்வளவு விரைவாகத் தயாராகிறது என்பதை 1 முதல் 8 வரையிலான மீள்வேக அமைப்பு தீர்மானிக்கிறது. வயலுக்கான இரண்டாவது தேடல் முறையில் மீள்வேகத்தை 6 அல்லது 7ஆகவும், ஐயமான ஒலியை இரும்பென்று ஒதுக்கும் அளவான இரும்புச் சாய்வைக் குறைவாகவும் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தபோது, முன்பு வெறும் உறுமலாகக் கேட்ட இடங்களிலிருந்து மெல்லிய, உயர்ந்த ஒலிகள் எழுந்தன. மலிவான ஈக்வினாக்ஸ் 600இல் மீள்வேகம் 3 படிகளோடு நின்றுவிடுகிறது. முகாம் நிலங்களில் தேடுபவர் விலை வேறுபாட்டைப் பாராமல் 800ஐ வாங்குவதற்கு இந்த ஒரு காரணமே போதும். இரும்பு மிகுந்த இடங்களுக்கு 6 அங்குலக் காயிலைத் தனியே வாங்கிப் பொருத்திக்கொள்வதையும் பரிந்துரைக்கிறேன். ஆழம் சற்றுக் குறையும். ஆனால் உழவு மண்ணிலேயே பெரும்பாலான பொருள்கள் கிடப்பதால் அது பெரிய இழப்பன்று.

அதேவேளையில் இரும்பை முழுவதுமாக ஒலியடக்கி வைப்பதும் தவறு. துப்பாக்கி முனை ஈட்டியும் பீரங்கியிலிருந்து கொத்தாகச் சுடப்பட்ட சிறு குண்டுகளும் இரும்புதானே? குதிரை லாடக் குறியிட்ட பொத்தானை அழுத்தினால் எல்லா உலோகங்களும் ஒலிக்கும். பெரிய, அழுத்தமான இரும்பொலிகளை அப்படிச் சோதித்துப் பார்ப்பது என் வழக்கம். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். உள்ளே குழிவான பழைய வெடிகுண்டுகளில் கருமருந்து இன்னும் இருக்கக்கூடும் என்பதால், கனத்த இரும்பு உருண்டையின் வளைவு தெரிந்தவுடன் தோண்டுவதை நிறுத்தி, தொடாமல் விலகிக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

கிடைத்தவற்றுள் எனக்கு நிறைவளிப்பவை ஈயக் குண்டுகளே. பிரிட்டிஷாரின் பிரவுன் பெஸ் துப்பாக்கியின் குழல் 0.75 அங்குல விட்டமும், பிரெஞ்சுக்காரர்கள் அமெரிக்கர்களுக்கு அனுப்பிவைத்த ஷார்லெவில் துப்பாக்கியின் குழல் 0.69 அங்குல விட்டமும் உடையவை. குண்டுகள் முறையே ஏறத்தாழ 0.69, 0.63 அங்குலம் இருக்கும். சுட்டுத் தட்டையாகிப்போன குண்டை அளவுகோலால் அளக்க முடியாது. அதற்காக நியூ ஜெர்சியின் மன்மத் போர்க்களத்தில் பணியாற்றிய தொல்லியலாளர் டேனியல் சிவிலிச் ஓர் எளிய வழியை வகுத்தார்: கிராமில் எடையின் கனமூலத்தைக் கண்டு அதை 0.223204ஆல் பெருக்கினால், தட்டையாகும் முன் குண்டுக்கு இருந்த விட்டம் அங்குலத்தில் கிடைக்கும். என்னிடமுள்ள 28.9 கிராம் குண்டு இக்கணக்கில் 0.685 அங்குலமாகவும், 23.1 கிராம் குண்டு 0.636 அங்குலமாகவும் வந்தன. இதை வைத்து முதலாவதைப் பிரிட்டிஷ் வீரன் சுட்டான் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்கர்களும் பிரவுன் பெஸ்ஸை ஏந்தினார்கள். பல் தடம் பதிந்த குண்டுகளைக் கண்டதும், வலி தாங்க முடியாமல் காயம்பட்ட வீரர்கள் கடித்தவை என்று சொல்பவர்கள் உண்டு. அவற்றில் பல, பிற்காலத்தில் பன்றிகள் மென்றவை.

பொத்தான்களில் வருத்தம் தரும் ஓர் அனுபவமும் எனக்கு உண்டு. அமெரிக்கர்களின் கண்டினென்டல் படையின் பியூட்டர் பொத்தான்களில் யு.எஸ்.ஏ. என்னும் எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னி நிற்கும். 1760களின் இறுதியிலிருந்து பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் தங்கள் பொத்தான்களில் பிரிவு எண்ணைப் பொறித்தன. முதல் பருவத்தில் கிடைத்த ஒரு பியூட்டர் பொத்தானை, எழுத்தைப் படிக்கும் ஆவலில் வயலிலேயே விரலால் தேய்த்தேன். மண்ணோடு மேற்பரப்பும் பெயர்ந்து வந்தது. அது எந்தப் படையுடையது என்று இனி ஒருவராலும் அறிய முடியாது. அப்போதிருந்து கிடைக்கும் பொருளை மண்ணோடே சிறு பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். ஈயத்தின் மேல் படிந்த வெண்படலத்தையும் சுரண்டுவதில்லை.

ஈக்வினாக்ஸில் இல்லாத ஒரு வசதியைச் சொல்லியாக வேண்டும். பொருள் கிடைத்த இடத்தை இக்கருவி பதிவு செய்வதில்லை. ஒரு படைத் தடயம் சொல்லும் செய்தியில் பாதி அது கிடந்த இடத்தில்தான் இருக்கிறது. 1794 ஆகஸ்ட் 20 அன்று ஒஹாயோவில் அமெரிக்கத் தளபதி ஆந்தனி வெய்னின் படை பழங்குடிகளின் கூட்டணியை வென்ற ஃபாலன் டிம்பர்ஸ் போர், ஆற்றோரச் சமவெளியில் நடந்ததாகவே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1995இல் தொல்லியலாளர் மைக்கேல் பிராட் தலைமையில் மெட்டல் டிடெக்டர்களோடு முறையாகத் தேடியபோது, அங்கிருந்து தள்ளியிருந்த மேட்டு நிலத்தில் குண்டுகளும் பொத்தான்களும் கிடைத்தன. அவை கிடந்த வரிசையே போர் நடந்த உண்மையான இடத்தைக் காட்டியது. 1999இல் அது தேசிய வரலாற்றுத் தலமானது. ஒவ்வொருவரும் தமக்குக் கிடைத்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால் அந்த இடம் இன்று கட்டடங்களுக்கு அடியில் இருந்திருக்கலாம். ஆகவே ஒரு ஜிபிஎஸ் கருவியோ, குறைந்தது கைபேசிச் செயலியோ இதனுடன் கட்டாயம் வேண்டும். நான் ஒவ்வொரு குழியின் இடத்தையும் ஆழத்தையும் எழுதி, நில உரிமையாளரிடம் ஒரு படி கொடுத்துவிடுகிறேன்.

எங்கே பயன்படுத்தக்கூடாது என்பதும் வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டும். தேசியப் பூங்காக்களில் டிடெக்டரைப் பயன்படுத்துவதே குற்றம். 1979ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டப்படி, கூட்டாட்சி நிலங்களில் 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொல்பொருள்களை அனுமதியின்றி எடுப்பவருக்கு முதல் குற்றத்துக்கே 10,000 டாலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் கிடைக்கலாம். சேதத்தின் மதிப்பு 500 டாலரைத் தாண்டினால் தண்டனை இருமடங்காகும். மாநில நிலங்களுக்குத் தனி விதிகள் உண்டு. உரிமையாளரின் அனுமதி பெற்ற தனியார் நிலம் கையில் இல்லாதவர், முதலில் அதைத் தேடிக்கொண்டு பிறகு கருவியை வாங்கலாம்.

மின்கலம் ஏறக்குறைய 12 மணி நேரம் நிற்கிறது. அது கருவியின் உள்ளேயே பொருத்தப்பட்டிருப்பதால் வயலில் மாற்ற முடியாது. எனவே நீண்ட நாள்களுக்கு ஒரு பவர் பேங்க் எடுத்துச் செல்கிறேன். கடினமான களிமண்ணில் குழியின் சுவரில் ஒட்டியிருக்கும் குண்டைக் கண்டுபிடிக்கக் பொருள் இருக்கும் புள்ளியைத் துல்லியமாகக் காட்டும் கையடக்கப் பின்பாயிண்டர் ஒன்றும் தேவை. இந்தச் செலவையும் சேர்த்தே விலையைக் கணக்கிட வேண்டும். புதிய ஈக்வினாக்ஸ் 900 வந்த பிறகு 800 பழைய பொருளாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. நிலமும் பொறுமையும் குறிப்பேடும் உள்ளவருக்கு அந்த விலையில் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். என் வயலின் கிழக்குச் சரிவை வரும் இலையுதிர்காலத்தில் தேடப்போவதும் இதே கருவியோடுதான்.