டபிள்யூடி எலிமென்ட்ஸ் 1 டிபி: லினக்ஸ்காரர்கள் வாங்கலாமா?

இந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைத் தாராளமாக வாங்கலாம். உபுண்டு, டெபியன், ஃபெடோரா எதில் செருகினாலும் டிரைவர் தேடி அலைய வேண்டாம். பாஸ்வேர்டுப் பூட்டு மென்பொருள் எதுவும் இதில் குறுக்கே வராது. லினக்ஸுக்கு அதுவே பெரிய நிம்மதி. டெர்மினலில், டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளை அடித்தால் 931.5ஜி என்று வரும். இடம் குறையவில்லை, கம்பெனி 1000ஆல் எண்ணுவதை அது 1024ஆல் எண்ணுகிறது.

தொல்லை விண்டோஸின் ஃபார்மட்டான என்டிஎஃப்எஸ்ஸில் ஆரம்பிக்கும். டிஸ்க் அந்த ஃபார்மட்டில்தான் வருகிறது. 2021இல் வந்த 5.15 கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) முதல் அதற்கான டிரைவர் கர்னலுக்குள்ளேயே உண்டு. ஆனால் விண்டோஸில் எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கிய டிஸ்க்கை இங்கே செருகினால், 'வால்யூம் டர்ட்டி' (சரியாக மூடப்படவில்லை) என்று சொல்லி மவுண்ட் ஆக, அதாவது திறக்க, மறுக்கும். திரும்ப விண்டோஸில் டிஸ்க்கைச் சோதிக்கும் சிஎச்கேடிஸ்க் ஓட்டுவதே சரியான வைத்தியம். லினக்ஸில் உள்ள என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் கட்டளை அந்த 'டர்ட்டி' குறியை அழிக்கும், முழுச் சோதனை செய்யாது.

லினக்ஸில் மட்டும் பயன்படுத்துவதென்றால் முதல் நாளே, உள்ளே எதையும் போடுவதற்கு முன், 'டிஸ்க்ஸ்' செயலியில் லினக்ஸின் சொந்த ஃபார்மட்டான ஈஎக்ஸ்டி4 ஆக மாற்றிவிடுங்கள். மாற்றியதும் கோப்பு ஒட்ட மறுத்தால் பயப்பட வேண்டாம். புது டிஸ்க்கின் உரிமை ரூட்டிடம் (லினக்ஸின் நிர்வாகக் கணக்கு) இருக்கலாம், சிஎச்ஓன் கட்டளை கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்றினால் போதும். இன்னொன்று பலருக்கும் தெரிவதில்லை: ஈஎக்ஸ்டி4 தானாகவே 5 சதவீதத்தை ரூட்டுக்கென ஒதுக்கிவைக்கும். 1 டிபியில் அது கிட்டத்தட்ட 50 ஜிபி! படமும் பேக்கப்பும் வைக்கும் டிஸ்க்குக்கு அது வீண். டியூன்2எஃப்எஸ் கட்டளையில் 'மைனஸ் எம் 0' கொடுத்தால் அத்தனையும் திரும்பக் கிடைக்கும்.

விண்டோஸ், மேக் என்று ஊர் சுற்றும் டிஸ்க்குக்கு மூன்றிலும் திறக்கும் எக்ஸ்ஃபேட் ஃபார்மட். அதில் ஜர்னல் (எழுதுவதை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) கிடையாது, எழுதும்போது கேபிள் அசைந்தால் கோப்பு போகும். இதன் மைக்ரோ-பி செருகியோ தட்டையானது, மடியில் வைத்த லேப்டாப்பில் எளிதில் ஆடும். காப்பி பட்டை முடிந்ததும் கழற்றாதீர்கள், பாதி இன்னும் ரேமில் இருக்கலாம். எஜெக்ட் கொடுத்து, 'இப்போது கழற்றலாம்' என்று வரும்வரை பொறுங்கள்.

பூட் ஆகும்போதே மவுண்ட் ஆக வேண்டுமென்று எஃப்எஸ்டேபில் (மவுண்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியல் கோப்பு) எழுதினால், டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் தொடரச் சொல்லும் 'நோஃபெயில்' அவசியம். இல்லாவிட்டால் டிஸ்க் செருகாத நாளில் 90 வினாடி காத்திருந்து எமர்ஜென்சி மோடில் (பழுதுபார்க்கும் கட்டளைத் திரை) போய் நிற்கும்.

டிக் டிக் என்று சத்தம் போட்டு மறைந்து மறைந்து வந்தால், முதலில் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். யூஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3 தருவது 900. ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் எல்லா யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான், இரண்டு டிஸ்க் போடுவதானால் தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்கிவிடுங்கள்.