ஸ்படிகமா, சந்திரகாந்தமா?

திருகோணமலையில் கோணேசரைக் கும்பிடுகிற வீடுகளில் ஸ்படிக மாலைக்குத்தான் முதல் மரியாதை. சிவனுக்கு உகந்தது, உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்பார்கள். சந்திரகாந்தக்கல் மனதைச் சாந்தப்படுத்துமாம். நோயை மாற்றும் என்பதற்கு இரண்டிலுமே ஆதாரம் கிடையாது.

சந்திரகாந்தம் நம் நாட்டுக் கல்தான். காலி மாவட்டத்து மீட்டியாகொடையில் தோண்டியெடுப்பது. சரித்துப் பிடித்தால் நீல ஒளியொன்று உள்ளே நகரும். மெல்லிய படலங்களில் வெளிச்சம் சிதறுவதால் வருவது அது. அந்த அழகுக்குக் கிட்டவும் வராது ஸ்படிகம். ஆனால் கல் எவ்வளவு கீறல் தாங்கும் என்று காட்டும் மோஸ் அளவில் ஸ்படிகத்தின் கடினம் 7, சந்திரகாந்தத்துக்கு 6 சொச்சம்தான், அடிபட்டால் பிளக்கும். மோதிரத்துக்கு ஸ்படிகம், பதக்கத்துக்குச் சந்திரகாந்தம் என்பேன்.

கழுவ, இளஞ்சூட்டுச் சோப்புத் தண்ணீர் போதும். நிலாவெளியில் கடலில் இறங்குமுன் மாலையைக் கழற்றிவிடுங்கள். அப்புறம், ஸ்படிகம் என்று சொல்லிக் கண்ணாடி மணியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். கன்னத்தில் வைத்தால் கண்ணாடியைவிட ஸ்படிகம்தான் கூடுதலாகக் குளிரும்.