“மனம் திறந்து பேசலாம்” என்று அழைப்பவருக்கு உங்கள் திரையைக் காட்டாதீர்கள்

சுற்றுப்பயணத்தில் இருக்கும் இசைக்கலைஞர்களும், குழுவின் சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவர்களும் இதைத் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். பேட்டி எடுப்பதாகச் சொல்லி எங்கள் குழுவின் பக்கத்தை ஒருவர் பறித்துக்கொண்டார். அதை எடுத்துக் கொடுத்தது என் கைதான். 11 வருடங்களாகச் சேர்த்த பக்கம். போவதற்கு 20 நிமிடம்கூட ஆகவில்லை.

நான் வயலின் வாசிப்பவள். நாங்கள் நாலு பேர் கொண்ட சின்னக் குழு. வருடத்தில் பாதி நாள் வேனில்தான் போகும். அப்படி ஒரு பயணத்தின் நடுவில்தான் அந்த மின்னஞ்சல் வந்தது. பயண வாழ்க்கை, படைப்பு, பட்டுத் தெரிந்துகொண்ட பாடங்கள் இவற்றைப் பற்றி இசைக்கலைஞர்களோடு ஒளிவுமறைவில்லாமல் பேசும் ஒரு தொடர், அதில் நீங்களும் கலந்துகொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார். அந்தப் பெயரில் உண்மையிலேயே ஒரு தொடர் இருக்கிறது. இரவுப் பயணங்களில் நானே அதைக் கேட்டிருக்கிறேன். அதனால் சந்தேகம் வரவில்லை. ஒரு நிகழ்ச்சிக்கு எங்கள் நாலு பேருக்கும் சேர்த்துக் கிடைப்பதைவிட மூன்று மடங்கு தொகை தருவதாகவும் சொல்லியிருந்தார். உண்மையைச் சொல்கிறேன், என்னை இழுத்தது அந்தப் பணம் இல்லை, கூடவே வந்த கேள்விகள்.

ஏழு கேள்விகள். கைதட்டல் அடங்கி ஒரு மணி நேரம் கழித்து வேனில் உட்காரும்போது மனசு என்ன சொல்லும்? பயணத்தில் இருக்கும்போது புதிய பாட்டு வருமா, இல்லை வீடு திரும்பினால்தான் வருமா? தினமும் ஒரே பாட்டை வாசிக்கும்போது அது செத்துப்போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? யாரிடமாவது ஏமாந்திருக்கிறீர்களா?

பயணம் போகாதவர்களுக்கு இந்தக் கேள்விகளின் அருமை புரியாது. ஒரு நாளில் நாங்கள் மேடையில் இருப்பது ஒன்றரை மணி நேரம். மீதியெல்லாம் சாமான் ஏற்றுவது, இறக்குவது, சவுண்ட் செக்குக்காகக் காத்திருப்பது, தூக்கம் வராமல் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பது. அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். மிச்ச நேரத்தைப் பற்றி 11 வருடத்தில் என்னிடம் கேட்ட முதல் ஆள் இந்தத் திருடர்தான்.

பதிவுக்கு முன்னால் சும்மா ஒரு அறிமுகப் பேச்சு என்று வீடியோ அழைப்பில் வந்தார். அவருடைய கேமரா சரியில்லை என்று குரல் மட்டும்தான். கனடாவின் பாடகர் லெனார்ட் கோஹனை வைத்து ஆரம்பித்தார். மேலாளரே சேமிப்பைக் காலி செய்தது 2004இல் தெரியவந்ததும், வழக்குப் போட்டு 2006இல் 90 லட்சம் டாலருக்குத் தீர்ப்பு வாங்கியதும், 15 வருட இடைவெளிக்குப் பிறகு 2008இல் தன் 73ஆம் வயதில் அவர் மறுபடி பயணம் கிளம்பியதும் எனக்கு முன்பே தெரிந்த கதைதான். ஆனால் இவர் அதைச் சொன்ன விதத்தில் ஒரு பரிவு இருந்தது. பிரிட்டிஷ் பாடகர் ஸ்டிங்கிடம் திருடிய கணக்காளர் 1995இல் சிறைக்குப் போனதையும் சொல்லிவிட்டு, “கூடவே இருக்கறவங்கதான் கை வைக்கிறாங்க, இல்லையா?” என்றார். ஏமாந்தவர்களின் கதையைச் சொல்லித்தான் என் நம்பிக்கையைப் பெற்றார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது.

அவரிடம் நான் என் காதைப் பற்றிச் சொன்னேன். இரண்டு வருடமாக இடது காதில் ஒரு ரீங்காரம், நிற்பதே இல்லை. மேடையில் எனக்கு இடது பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில் டிரம்ஸ். 85 டெசிபெல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம்தான் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும், 100 டெசிபெல் என்றால் கால் மணி நேரம்தான் என்பது வேலையிடச் சத்தத்துக்கு வல்லுநர்கள் சொல்லும் கணக்கு. எனக்கு அது தெரியும். தெரிந்தும் காதடைப்பான் போடவில்லை. சுருதி பிசகிவிடுமோ என்ற பயம். வெளியே சொன்னால் கூப்பிடுவது குறைந்துவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரியது. குழுவில் ஒருவருக்குத் தவிர யாருக்கும் தெரியாததை, முகம்கூடத் தெரியாத ஒருவரிடம் சொல்லி அழுதேன். அவர் குறுக்கே பேசவில்லை. எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டுமோ அவ்வளவு நேரம் சும்மா இருந்தார். அப்புறம், “இதை நீங்க வெளியே சொன்னா எத்தனையோ பேருக்கு உதவும்” என்றார்.

அதன் பிறகு அவர் எதைக் கேட்டிருந்தாலும் செய்திருப்பேன்.

கேட்டது சின்ன விஷயம் போலத்தான் இருந்தது. உரையாடல் நேரலையாகப் போகும், உங்கள் ரசிகர்களும் பார்க்க வேண்டும், அதனால் உங்கள் பக்கத்தை எங்களோடு இணைக்க ஒரு டெக்னிகல் செக் செய்துவிடலாம் என்றார். ஸ்கிரீன் ஷேர் போடச் சொன்னார். பக்கத்தின் செட்டிங்ஸுக்குள் போகச் சொல்லி, இங்கே அழுத்துங்கள், அடுத்து கீழே வாருங்கள் என்று ஒவ்வொரு படியாகக் கூட்டிக்கொண்டு போனார். நேரலையைக் கவனிக்கும் பொறியாளர் என்று ஒரு மின்னஞ்சல் முகவரியைச் சேர்க்கச் சொன்னார். முழு அதிகாரம் என்ற பொத்தானை ஆன் செய்தேன். கடவுச்சொல் கேட்டது, போட்டேன். கைபேசிக்கு ஒரு எண் வந்தது, அதையும் போட்டேன். “அருமை, வியாழக்கிழமை பார்க்கலாம்” என்று அழைப்பைத் துண்டித்தார்.

பத்து நிமிடத்தில் எங்கள் நாலு பேரையும் நிர்வாகத்திலிருந்து நீக்கிவிட்டார்கள்.

இரண்டு அடுக்குப் பாதுகாப்பு வைத்திருந்தீர்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வைத்திருந்தோம். வெளியிலிருந்து பூட்டை உடைத்து வருபவரை அது தடுக்கும். நானே கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தால் அது என்ன செய்யும்?

விளம்பரக் கணக்கில் எங்கள் கார்டு சேமித்து வைக்கப்பட்டிருந்தது. அன்றிரவே எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஏதேதோ விளம்பரங்களுக்கு அதிலிருந்து பணம் போனது. அதில் ஒரு பகுதியை வங்கி திருப்பிக் கொடுத்துவிட்டது.

ஆனால் எங்களைக் கலங்கடித்தது அதற்கு அடுத்து நடந்தது. நாலு நாள் கழித்து நாங்கள் வாசிக்க வேண்டிய அரங்கத்தில் மின்கோளாறு. வேறு இடம் பிடித்துவிட்டோம், ஆனால் அதைச் சொல்ல எங்களிடம் பக்கம் இல்லை. பூட்டிய கதவின் முன்னால் 60 பேருக்கு மேல் நின்றிருக்கிறார்கள். அவர்களில் சிலர் எங்கள் பழைய பக்கத்துக்கே செய்தி அனுப்பிக் கேட்டிருக்கிறார்கள். நிகழ்ச்சி ரத்து, டிக்கெட் பணத்தைத் திரும்பப் பெற இந்த லிங்கில் கார்டு விவரம் கொடுங்கள் என்று எங்கள் பெயரில் பதில் போயிருக்கிறது. கொடுத்தவர்கள் உண்டு. எத்தனையோ வருடங்களாக எங்களைத் தேடி வந்து கேட்டவர்கள் அவர்கள். எங்கள் பெயரை நம்பித்தான் கொடுத்தார்கள். பக்கம் போனதற்கு நான் அழவில்லை, இதற்கு அழுதேன்.

டிரம்ஸ் வாசிக்கும் அண்ணனிடம் நடந்ததை முழுதாகச் சொன்னபோது அவர் திட்டவில்லை. “ஏம்மா, நேரலை அவங்க பக்கத்துலதானே போகும்? நம்ம பக்கத்துக்குள்ள அவங்களுக்கு என்ன வேலை?” என்று மட்டும் கேட்டார். இந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றியிருந்தால் போதும். பேட்டி எடுப்பவருக்கு உங்கள் குரலும் முகமும்தான் வேண்டும். அவர் அனுப்பும் லிங்கைத் திறந்து மைக்குக்கும் கேமராவுக்கும் அனுமதி கொடுத்தால் வேலை முடிந்தது. உங்கள் திரை அவருக்கு எதற்கு? பக்கத்தின் செட்டிங்ஸ் எதற்கு? உங்கள் கைபேசிக்கு வரும் எண் எதற்கு? இந்த மூன்றில் ஒன்றைக் கேட்டாலும் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள், மரியாதைக் குறைவாக இருக்குமே என்று யோசிக்க வேண்டாம். பணத்தைப் பற்றியும் ஒன்று. பெரும்பாலான உரையாடல் தொடர்களில் வருபவருக்குப் பணம் தருவதில்லை. அறிமுகமில்லாத ஒருவர் கேட்காமலே பெரிய தொகை தருகிறேன் என்றால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை.

உண்மையான தொடரை நடத்துபவருக்கு அவர்களுடைய தளத்தில் இருந்த முகவரியில் எழுதினேன். அன்றே பதில் வந்தது. எனக்கு வந்த மின்னஞ்சல் முகவரியில் அவர்கள் தொடரின் பெயரோடு கூடுதலாக ஓர் எழுத்து இருந்ததை அவர்தான் காட்டினார். அதே கேள்விகளோடு இன்னும் இரண்டு பேருக்கு அழைப்பு போயிருக்கிறதாம். அந்த ஏழு கேள்விகளும் அவர் பழைய நிகழ்ச்சிகளில் கேட்டவை. திருடர் உட்கார்ந்து கேட்டு எழுதி எடுத்திருக்கிறார்.

இப்போது நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். வான் ஹேலன் என்ற அமெரிக்க ராக் குழு தங்கள் 1982 பயணத்தின் ரைடரில், அதாவது ஒப்பந்தத்தோடு சேர்க்கும் தேவைப் பட்டியலில், பழுப்பு நிற எம் அண்ட் எம் மிட்டாய் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று எழுதி வைத்ததைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நட்சத்திரங்களின் திமிர் என்றுதான் ரொம்ப நாள் பேசினார்கள். காரணம் வேறு. அவர்கள் மேடை மிகவும் கனமானது, மின்சாரத் தேவையும் அதிகம். ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்காத ஏற்பாட்டாளரால் ஆளுக்கே ஆபத்து வரலாம். கிண்ணத்தில் பழுப்பு மிட்டாய் கண்ணில் பட்டால் படிக்கவில்லை என்று அர்த்தம், மேடை முழுவதையும் மறுபடி சோதிப்பார்கள். என் பழுப்பு மிட்டாய் இதுதான்: பேட்டிக்கு யார் அழைத்தாலும், உங்கள் தொடரின் அதிகாரபூர்வப் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு வரி அனுப்புங்கள் என்று கேட்கிறேன். உண்மையானவர்களுக்கு அது ஒரு நிமிட வேலை. இந்த மாதம் அழைத்த மூன்று பேரில் இரண்டு பேர் உடனே அனுப்பினார்கள். மூன்றாமவர் கோபித்துக்கொண்டு, அதன் பிறகு எழுதவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் இதை வெளியே சொன்ன ஒரு வாரத்தில், தெரிந்த கலைஞர்கள் ஐந்து பேர் தனியாக அழைத்தார்கள். இரண்டு பேருக்கு இதே பேட்டி மோசடி. மற்ற மூவரும் ஏற்பாட்டாளர்களிடம் ஏமாந்தவர்கள். பாதிப் பணம் முன்னாலேயே வரும் என்று வேனில் ஏறியிருக்கிறார்கள், அது வரவே இல்லை. ஒருவருக்கு நடந்து ஆறு வருடம் ஆகிறது, வீட்டில்கூடச் சொல்லவில்லையாம். வெட்கம். நானும் முதல் மூன்று நாள் சொல்லவில்லை. அந்த மூன்று நாளில்தான் கார்டிலிருந்து பாதிப் பணம் போனது. சைபர் குற்றப் பிரிவில் முதல் நாளே புகார் கொடுத்திருக்க வேண்டும்.

பக்கம் இன்னும் திரும்பவில்லை. காணொளிகளில் பாதி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, மீதிக்கு எங்களிடம் நகல் இல்லை. உங்களுடையதை இன்றே எடுத்து வையுங்கள். ரசிகர்களின் மின்னஞ்சல் பட்டியல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அது இருந்திருந்தால் அன்றைக்கு 60 பேர் கதவுக்கு முன்னால் நின்றிருக்க மாட்டார்கள். விளம்பரம் ஓடாத நாட்களில் கார்டை நீக்கிவிடுங்கள்.

காது மருத்துவரைப் பார்த்துவிட்டேன். காதின் அச்சு எடுத்து, இசைக்கலைஞர்களுக்கென்று செய்யும் வடிகட்டி வைத்த அடைப்பான் கிடைத்திருக்கிறது. எல்லா ஒலியையும் ஒரே அளவில் குறைப்பதால் சுருதி தெளிவாகவே கேட்கிறது. இதை அந்த ஆள் வெளியிட்டு மிரட்டினால் என்ன செய்வது என்று சில இரவுகள் பயந்தேன். அதனால்தான் நானே இங்கே எழுதிவிட்டேன்.

எங்கள் பழைய பக்கத்திலிருந்து டிக்கெட், பணம், பேட்டி என்று எந்தச் செய்தி வந்தாலும் அனுப்புவது நாங்கள் இல்லை. பதில் சொல்லாமல், அந்தப் பக்கத்தின் மீது புகார் மட்டும் கொடுங்கள். அந்த லிங்கில் கார்டு விவரம் கொடுத்திருந்தால், இதைப் படித்த கையோடு வங்கியை அழைத்துக் கார்டை முடக்கச் சொல்லுங்கள். அப்புறம் எங்கள் இணையதளத்தில் இருக்கும் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள், எங்கள் புகாரோடு உங்களுடையதையும் சேர்க்க வேண்டும்.