பழைய வாளின் இரும்புக்குக் காவல் எது: எண்ணெயா, மெழுகா, அக்ரிலிக் பூச்சா?

பழைய படைக்கலங்களைச் சேகரிப்பவர்களிடையே ஓயாமல் நடக்கும் வாதங்களில் ஒன்று, இரும்பைத் துருப்பிடிக்காமல் காக்க எண்ணெய் பூசுவதா, மெழுகு தேய்ப்பதா, அக்ரிலிக் பூச்சு (காய்ந்து நிறமற்ற படலமாகும் செயற்கைப் பிசின்) இடுவதா என்பது. வாளோ, ஈட்டிமுனையோ, தலைக்கவசமோ, என் பரிந்துரை பெரும்பாலும் மெழுகின் பக்கமே சாயும். ஆனால் மூன்றில் எதைக் கையில் எடுப்பதற்கு முன்பும் பரப்பை நிதானமாக ஆராய்ந்துவிட வேண்டும். ஏனெனில் ஒரு பொருள் உண்மையானதா, போலியா என்று தீர்மானிக்கும்போது துருவும் சாட்சியாக நிற்கிறது. நெடுங்காலம் தானாகப் படிந்த துரு கரும்பழுப்பு நிறத்தில், உலோகத்தோடு இறுகி, வழவழப்பாக இருக்கும். அமிலம் தடவி அவசரமாக வரவழைத்த துருவோ பெரும்பாலும் செம்மஞ்சள் நிறத்தில் தூளாக உதிரும், கைபட்டுத் தேய வேண்டிய விளிம்புகளிலும் மூலைமுடுக்குகளிலும் ஒரே சீராகப் படர்ந்திருக்கும். ஜப்பானிய வாள்களில் கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் 'நாக்காகோ' என்னும் அடிப்பகுதியைத் துலக்கவே கூடாது என்பது இதனால்தான்: அதன் துருவின் நிறமும், அரத்தின் கோடுகளும், செதுக்கிய கையொப்பமும் சேர்ந்தே வாளின் வயதைச் சொல்கின்றன. அதைப் பளபளப்பாக்கியவர் வாளின் பிறப்புச் சான்றையே அழித்துவிடுகிறார்.

எண்ணெயின் நன்மை எளிமை. நுண்ணிய குழிகளுக்குள்ளும் அது புகுந்துவிடும், வேண்டாதபோது துடைத்தும் எடுத்துவிடலாம். ஜப்பானிய வாள்களை இன்றும் எண்ணெயிட்டே பேணுகிறார்கள்; ஆனால் பழைய எண்ணெயைத் துடைத்துப் புதியதை இடும் ஒழுங்கு அந்த மரபோடு பிரியாமல் இருக்கிறது. அந்த ஒழுங்கு இல்லாத இடத்தில் எண்ணெய் வழிந்து இறங்கி, மேற்பகுதி வறண்டுபோகிறது, தூசி ஒட்டிக்கொள்கிறது, கைப்பிடியின் மரமும் தோலும் கறைபடுகின்றன. ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய்களை நான் முற்றாக விலக்குவேன்; அவை காற்றுபட்டு இறுகிப் பிசினாக மாறியபின், பரப்பைக் காயப்படுத்தாமல் நீக்குவது மிகக் கடினம்.

பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் நுண்படிக மெழுகு இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றைத் தீர்க்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில் 1950களில் உருவான ரெனசான்ஸ் வாக்ஸ் இவ்வகையில் பெயர்பெற்றது. அது வழியாது, தொட்டால் பிசுபிசுக்காது, விரல்களின் வியர்வையிலுள்ள உப்பு உலோகத்தைத் தீண்டுவதைத் தடுக்கிறது, தேவைப்பட்டால் ஒயிட் ஸ்பிரிட் என்னும் பெயின்ட் கரைப்பானால் கரைத்து எடுக்கவும் முடியும். பருத்தித் துணியால் மிக மெல்லியதாகத் தடவி, காய்ந்ததும் மென்மையாகத் தேய்த்துவிட்டால் போதும். தடிப்பாகப் பூசுபவர்களுக்குத்தான் செதுக்கு வேலைகளின் பள்ளங்களில் வெள்ளை வெள்ளையாகத் தங்கித் தொல்லை தருகிறது. வாளைச் சுற்றியுள்ள தோலிலும் துணியிலும் அது படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அக்ரிலிக் பூச்சுகளில் பரலாய்டு பி-72 நம்பத்தக்கது: அசிட்டோனில் கரைவதால் பின்னாளில் நீக்க முடியும். ஆனாலும் வாளின் அலகு முழுவதற்கும் அதைப் பூசுவதை நான் விரும்புவதில்லை. அதில் ஊசிமுனையளவு இடைவெளி விழுந்தாலும் ஈரம் உள்ளே புகுந்து, கண்ணுக்குப் படாமல் படலத்தின் அடியிலேயே துரு பரவும். ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸில் அது இளகத் தொடங்குவதால், வெப்பமான அறையில் தூசியையும் பற்றிக்கொள்ளும். பொருளின் மேல் சேகரிப்புப் பதிவெண்ணை எழுதுவதற்கு முன் சிறிய இடத்தில் அடிப்படலமாக இடுவதற்கு, அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

மண்ணிலிருந்து தோண்டியெடுத்த இரும்பின் நிலை வேறு. அதனுள் குளோரைடு உப்புகள் ஊறியிருந்தால் பரப்பில் பழுப்பு நிற நீர்த்துளிகள் கசியும், துரு செதில் செதிலாகப் பெயரும். அந்நிலையில் மூன்று பூச்சுகளும் நோயை உள்ளே வைத்து மூடுவதற்கே உதவும். காரக் கரைசலில் ஊறவைத்து உப்பை வெளியேற்றுவது பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநரின் வேலை. அவரிடம் சேரும்வரை, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து உள்ளிருக்கும் காற்றின் ஒப்பு ஈரப்பதத்தை 20 சதவீதத்துக்கும் கீழே வைத்திருப்பதும், ஜெல் ஈரத்தை உறிஞ்சி நிறைந்ததும் மாற்றுவதுமே சேகரிப்பாளர் செய்ய வேண்டியது.