சத்துவாச்சாரி வக்கீல் ஆபீஸ்: நம்பிப் போகலாம்

அக்கா புருஷன் இன்னொரு பெண்ணோடு தொடர்பு வைத்திருந்த விஷயமாக வேலூர் சத்துவாச்சாரியில், கோர்ட்டுக்குப் பக்கத்து மாடியில் இருக்கும் வக்கீல் அம்மாவைப் பார்த்தோம். "அவரை உள்ளே தள்ள முடியுமா?" என்றுதான் அக்கா முதலில் கேட்டாள். அந்தம்மா பழைய சட்டப் புத்தகத்தில் சிவப்புப் பேனாவால் அடித்திருந்த, கள்ளத்தொடர்பைக் குற்றமாக்கிய 497-வது பிரிவைக் காட்டினார்: 2018 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்துவிட்டது, இருந்த காலத்திலும் மனைவி புகார் கொடுக்கவே முடியாது, கணவன்தான் கொடுக்கலாம், அதுவும் தன் மனைவியோடு தொடர்பு வைத்த ஆண் மேல் மட்டும், அப்புறம் நாலு சுவருக்குள் நடந்ததற்கு சாட்சிக்கு எங்கே போவது, மானம் போகுமே என்று பயந்து எத்தனை பேர் கோர்ட் படி ஏறுவார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் விவாகரத்துக்குக் கள்ளத்தொடர்பு இன்றும் காரணம்தான், ஜீவனாம்சமும் கேட்கலாம் என்று பொறுமையாக எழுதிக் கொடுத்தார். உட்கார ஒரே பெஞ்சு, ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். சரி, பரவாயில்லை. அக்கா அழுதபோது போனை அணைத்து வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.