மூணாறில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?

அறிவியல் முறையைப் பள்ளியில் இரண்டு விதமாகச் சொல்லித் தரலாம். நோக்கம், செய்முறை, காண்பவை, முடிவு என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு அப்படியே செய்யவைப்பது ஒன்று. கேள்வியை மட்டும் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கி நிற்பது இன்னொன்று.

முதல் வழி வேகமானது. ஸ்பிரிட் விளக்கைப் பத்திரமாகப் பற்றவைக்கவும் வெப்பமானியைப் பிழையில்லாமல் படிக்கவும் அதுதான் தோது. ஆனால் விடை முன்பே தெரிந்துவிடுகிறது. மூணாறு தமிழ்வழி வகுப்பில் தண்ணீர் கொதிக்கும்போது வெப்பமானி 95 பக்கத்திலேயே நின்றாலும், நோட்டில் 100 என்று எழுதத்தான் கை போகும். மார்க் வேண்டுமே!

இரண்டாவது வழி அந்த 95-ஐ விடாமல் பிடித்துக்கொள்ளும். வெப்பமானி கோளாறா? உருகும் பனிக்கட்டியில் வைத்தால் 0 காட்டுகிறதா பார். தண்ணீரில் ஏதாவது கலந்திருக்குமோ? உப்பு கலந்தால் கொதிநிலை ஏறும், இறங்காது; இருந்தாலும் காய்ச்சி வடித்த நீரில் திரும்பச் செய். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்று. கடைசியில் மிஞ்சுவது உயரம்: ஊர் சுமார் 1,500 மீட்டரில் இருக்கிறது, காற்றழுத்தம் குறைவு. அதனால் கொதிநிலை 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்கும். அப்படியானால் எல்லைக்கு அந்தப் பக்கம், கீழே போடிநாயக்கனூரில் 99 பக்கம் வரவேண்டும். சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும் பிள்ளையிடம் அதே வெப்பமானியைக் கொடுத்தனுப்பலாம். வராவிட்டால் ஊகம் தப்பு, அவ்வளவுதான்.

நேரம் தின்னும், பாடம் பின்தங்கும், உண்மைதான். என்னைக் கேட்டால், கருவி பழக முதல் வழியில் ஒரு பீரியட் போதும். அப்புறம் இரண்டாவதுதான், பருவத்துக்கு ஒரே ஒரு கேள்வியானாலும் சரி.