குவாங்ஜாங் சந்தையில் சாப்பிடப் போகிறீர்களா? பெஞ்சில் உட்காருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

சியோலுக்குச் சுற்றுலா வருகிற நம்மவர்கள் யாராக இருந்தாலும் ஒரு மாலை குவாங்ஜாங் சந்தைக்குப் போகாமல் ஊர் திரும்புவதில்லை. எல்லாரும் வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். தப்பே இல்லை, பார்க்க வேண்டிய இடம்தான். 1905-இல் தொடங்கிய சந்தை. மேலே உயரமான கூரை, நடுவே வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள், கடையைச் சுற்றிப் பெஞ்சு. ஒரு பக்கம் பாசிப்பருப்பு அரைபட்டுக்கொண்டிருக்கும், இன்னொரு பக்கம் எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கும். அந்தப் பெஞ்சில் எங்கள் வீட்டு விருந்தாளிகளை உட்காரவைத்து எப்படி உரித்தார்கள் என்பதைத்தான் எழுதுகிறேன். கடை எது என்று சொல்லப்போவதில்லை. அந்த வரிசையில் எல்லாக் கடையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நான் ஒன்றைச் சொன்னால், அதைத் தவிர்த்துவிட்ட தைரியத்தில் பக்கத்துக் கடையில் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

நான் சியோலுக்குத் தெற்கே உள்ள சுவோன் நகரத்தில் வேலை பார்க்கிறேன். பாளையங்கோட்டையிலிருந்து அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். குளிர்காலச் சனிக்கிழமை, சாயங்காலம், நிற்க இடமில்லாத கூட்டம். குளிர் காலத்தில் அந்தப் பெஞ்சுகளில் மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு போட்டிருப்பார்கள். ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மனசு வராது, கவனியுங்கள்.

கடைப் பலகையில் படமும் விலையும் தெளிவாகவே இருந்தன. பிந்தேத்தொக் 5,000 வொன். பாசிப்பருப்பு மாவில் முளைப்பயறு எல்லாம் போட்டு எண்ணெயில் மொறுமொறுவென்று சுடுவது, நம்ம அடைக்குப் பங்காளி. கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிய குட்டி கிம்பாப் 4,000. பல வகை வறுவல்களைக் கலந்து வைக்கும் மொதூம்ஜோன் தட்டு 15,000. அக்கா அசைவம் தொடமாட்டாள். அதனால் அவளுக்கு ஒரு பிந்தேத்தொக், எங்களுக்குக் கிம்பாப் என்றேன். கடைக்கார அம்மா, மூன்று பேருக்கு இது பத்தாது, தட்டு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சொன்ன தொனியில் வேண்டுகோள் எதுவும் இல்லை. பின்னால் வரிசை நிற்கிறது, வாங்கு, இல்லையென்றால் எழுந்திரு என்பதுதான் அதற்குப் பொருள். சரி என்று 15,000 போட்டிருந்த படத்தைத் தொட்டுக் காட்டினேன். தலையாட்டினார். கேட்காமலே இரண்டு தண்ணீர் பாட்டிலும் வந்து உட்கார்ந்தன.

தட்டு வந்தது. சின்னச் சின்னதாகப் பத்துத் துண்டு இருக்கும். அதில் பாதி பாக்கெட் ஹாமும் ரோஸ் நிற நண்டுக் குச்சியும் முட்டையில் தோய்த்துப் பொரித்தது. அத்தான் ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பில் 38,000 வொன்.

மனக்கணக்கில் 24,000தான் வர வேண்டும். எப்படி என்று கேட்டேன். தட்டு பெரியது, மூன்று பேர் என்பதால் பெரியதாகக் கொடுத்தேன், அது 25,000 என்றார். தண்ணீர் ஒன்று 2,000, இரண்டுக்கு 4,000. கொரியாவில் சாப்பாட்டுக் கடைக்குப் போனால் தண்ணீருக்குக் காசு கேட்பது வழக்கமே இல்லை. ஜக்கு நிறையக் கொண்டுவந்து வைப்பார்கள், இல்லையென்றால் நாமே பிடித்துக்கொள்ளலாம். அதையாவது பாட்டில் என்று விட்டுவிடலாம். ஆனால் 25,000 என்ற எண் பலகையில் எந்த மூலையிலும் கிடையாது. பக்கத்தில் ஒரு கொரியப் பையனும் பெண்ணும் அதே தட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், துண்டுகளும் ஏறக்குறைய அதே அளவு. எங்கள் பேச்சைக் கேட்டு அந்தப் பெண்ணே, "எங்களுக்கு 15,000 என்றுதானே சொன்னீர்கள்?" என்று கடைக்காரரிடம் கேட்டாள். அதற்குப் பிறகுதான் குரல் ஏறியது. நான் கொரிய மொழி ஓரளவு பேசுவேன். ஆனால் சண்டை போடுகிற அளவுக்கு வராது. அந்த வரிசையில் நின்று சத்தம் போட நம் ஊர்க்காரர்களுக்குக் கூச்சமும் சேர்ந்துவிடுகிறது. "எந்திரிடா, போவோம். காசு போனா போவுது" என்று அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

கார்டை நீட்டினேன். மெஷின் ரிப்பேர், ரொக்கம் கொடு, இல்லை வங்கிக் கணக்குக்கு அனுப்பு என்றார். மெஷின் அவர் முதுகுக்குப் பின்னால் பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது. கார்டு வாங்குவதாகப் பதிவு செய்த கடை கார்டை மறுக்கக் கூடாது, கார்டு என்பதற்காகக் கூடுதலாக வாங்கவும் கூடாது என்பது கொரியச் சட்டம். அதைச் சொன்னேன். காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. சுற்றுலா வருகிறவர்களிடம் கொரிய வங்கிக் கணக்கு இருக்காது, ஆகவே ரொக்கம்தான் கைமாறும். இப்படி வாங்கும் ரொக்கத்துக்கு ரசீது வராது. ரசீது இல்லையென்றால் நீங்கள் அங்கே சாப்பிட்டதற்கே சாட்சி இல்லை. கூடுதலாகப் போனது நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்க்குள்தான். எனக்கு எரிச்சல் தொகையால் வந்ததில்லை, அந்த ஏற்பாட்டின் கச்சிதத்தால் வந்தது.

வெளிநாட்டுக்காரன் என்பதால்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். 2023 நவம்பரில் ஒரு கொரிய யூடியூபர் வெளிநாட்டு நண்பர்களோடு இதே சந்தைக்குப் போய், 15,000 வொன் கொடுத்து வாங்கிய வறுவல் தட்டில் இருந்த சொற்பத் துண்டுகளைப் படம்பிடித்துப் போட்டார். நாடே கொதித்தது. அந்தக் கடையைச் சந்தைச் சங்கம் 10 நாள் மூடவைத்தது. சியோல் மாநகராட்சி, அளவையும் எடையையும் எழுதிவைக்க வேண்டும், கார்டு வாங்க வேண்டும் என்று ஏற்பாடுகளை அறிவித்தது. 2025 நவம்பரில் இன்னொரு யூடியூபர், அவரும் கொரியர். 8,000 வொன் என்று எழுதியிருந்த சுன்தே (பன்றிக் குடலில் ரத்தமும் சேமியாவும் அடைத்து அவிப்பது) கேட்டார். கையில் வந்த பில் 10,000. ஏன் என்றால், கேட்காமலே இறைச்சி கலந்துவிட்டார்களாம். மறுபடியும் 10 நாள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பத்து நாள் லீவு என்றால் யாருக்குப் பயம் வரும்?

எங்களுக்கு நடந்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தந்திரம் ஒன்றுதான். பலகையில் விலை சரியாகவே இருக்கும். நீங்கள் கேட்டது வேறொன்றாக மாறுவது அடுப்புப் பக்கத்தில், உங்களுக்குத் தெரியாமல். சின்னது பெரியதாகும், வெறும் பண்டம் கலந்த பண்டமாகும். சாப்பிட்டு முடித்த பிறகு எதை வைத்து வாதாடுவது? அதனால் தட்டு அடுப்பிலிருந்து இறங்குவதற்கு முன்பே, போனில் எண்ணை அடித்து மொத்தம் எவ்வளவு என்று காட்டி, அவர்கள் வாயால் சரி வாங்குங்கள். 24,000 என்று காட்டியிருந்தால், பிறகு 38,000 கேட்பதற்கு அவர்களுக்கும் கொஞ்சம் சங்கடம் இருக்கும். உட்காருவதற்கு முன் கார்டைக் கையில் பிடித்துக் காட்டுங்கள். தலையை ஆட்டி மறுத்தால் அடுத்த கடை. பலகையைப் படம் எடுத்துவையுங்கள். கேட்காமல் வைக்கிற பாட்டிலைத் திறக்காதீர்கள். நடைபாதைக் கடைகளுக்கும் கட்டடத்துக்குள் நிரந்தரமாக இருக்கும் கடைகளுக்கும் அங்கே சங்கமே வேறு வேறு. உள்ளே கதவு வைத்த கடைகளில் சாப்பிட்ட எனக்குத் தெரிந்த யாரும் இதுவரை குறை சொன்னதில்லை.

சைவக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இறைச்சி இல்லை என்று கடைக்காரர் சொன்னால் அது பொய்யாக இருக்காது, ஆனால் மீனை அவர்கள் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. தொக்பொக்கி என்ற காரமான அரிசிமாவுத் துண்டுகளின் சிவப்புக் குழம்பு பெரும்பாலும் நெத்திலி போட்டுக் கொதித்த தண்ணீரில் செய்தது, கூடவே மீன் கேக்கும் மிதக்கும். கத்தியால் வெட்டிய நூடுல்ஸ் சூப்பும் அப்படித்தான். கிம்ச்சியில் (முட்டைக்கோஸ் ஊறுகாய் மாதிரி) பெரும்பாலும் உப்பில் ஊறிய இறால் இருக்கும். பிந்தேத்தொக் மாவிலேயே சில கடைகளில் பன்றி இறைச்சி கலந்திருக்கும், கலக்காவிட்டாலும் பக்கத்தில் இறைச்சி உருண்டை பொரிகிற அதே எண்ணெய்தான். அக்கா அன்றைக்கு ஒரு வாய் பிய்த்துவிட்டு வைத்துவிட்டாள். பரங்கிக்காய்க் கஞ்சி, சிவப்புப் பயறுக் கஞ்சி இரண்டும் அதே சந்தையில் கிடைக்கும். அவைதான் ஓரளவு நம்பிக்கையான சாப்பாடு. வெளியே வந்தால் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு. மொழிபெயர்ப்புச் செயலியில் "நான் சைவம்" என்று போட்டுக் காட்டாதீர்கள், ஒரு பலனும் இல்லை. இறைச்சி, மீன், இறால், நெத்திலித் தண்ணீர், முட்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மீன் சந்தைக்குப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக. சியோலில் நோர்யாங்ஜின், பூசானில் ஜகல்ச்சி, இரண்டிலும் உயிர்மீனைக் கீழே வாங்கி மேல்மாடியில் சமைக்கக் கொடுக்கலாம். இருக்கைக்கு ஆளுக்கு இவ்வளவு, குழம்பு வைக்க இவ்வளவு என்று மேலே தனிக் கட்டணம் உண்டு. அது ஏமாற்று இல்லை, நடைமுறை. ஆனால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எடை போடும்போது கூடையின் எடையும் தண்ணீரின் எடையும் சேராமல் பாருங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த மீன் வெட்டுப்பலகைக்குப் போகும் வரை கண்ணை எடுக்காதீர்கள். இன்ச்சியான் நகரில் இருக்கும் சோரேபோகு துறைமுகச் சந்தையில், உயிர் நண்டு என்று வாங்கிப் போனவருக்கு வீட்டில் பிரித்தபோது காலுதிர்ந்த செத்த நண்டுகள் கிடைத்தன. அது பெரிய செய்தியாகி, 2023 ஜூனில் வியாபாரிகள் கூடித் தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்டார்கள்.

சந்தைச் சாப்பாடே வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாள் அக்காவையும் அத்தானையும் மாபோ பகுதியில் இருக்கும் மாங்வோன் சந்தைக்குக் கூட்டிப்போனேன். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் காய்கறிக்கு வருகிற இடம். அதே ஆள் நாளைக்கும் வாசலில் வந்து நிற்பான் என்று கடைக்காரருக்குத் தெரியும். ஒரு கடையில் விலை கேட்ட அத்தானுக்குச் சுவைத்துப் பார்க்க ஒரு துண்டு கொடுத்துவிட்டுத்தான் விலையே சொன்னார்கள். மூலிகையும் இஞ்சியும் ஜின்செங்கும் பார்க்க வேண்டுமென்றால் ஜெகிதோங்கில் கியோங்டோங் சந்தை இருக்கிறது.

புகார் செய்தேனா என்று கேட்பீர்கள். செய்தேன். 1330 என்ற எண் சுற்றுலாப் பயணிகளுக்கானது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், ஆங்கிலத்தில் பேசலாம். கடைக்காரரோடு பேச்சு முட்டிக்கொண்டால் அங்கிருந்தே கூப்பிட்டு, போனை அவர் கையில் கொடுக்கலாம். சியோல் மாநகராட்சிக்கு 120. நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் கூப்பிட்டேன். பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ரசீது இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பலகையின் படம், தட்டின் படம், கடை எண் மூன்றையும் அனுப்பச் சொன்னார்கள். தட்டின் படம் மட்டும் அக்கா போனில் இருந்தது, அனுப்பினேன். சில வாரம் கழித்துப் பதில் வந்தது: கடைக்கு அறிவுரை வழங்கப்பட்டதாம். 14,000 வொன் வரவில்லை.